மெசின் சமைத்த கோழி

தேவகுமாரி அக்கா பதினோரு வருடமாகத் தனபாலின் ஹோம்ஸ்டேயில் சமைத்துக்கொண்டிருந்தார். தலைச்சோலைக் கிராமத்திலிருந்து காலை முதல் பஸ்ஸில் வருவார். அதற்கு முன்னால் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவர். சரிவில் வழுக்கி விழுந்து முழங்கால் போனபின் மலையேறி இறங்குகிற வேலை எதுவும் அவரால் முடியாது. சமையல்தான் மிச்சம். வந்து தங்கியவர்கள் மறுபடி மறுபடி வந்தது அந்தக் கைப்பக்குவத்துக்காக. தனபால் செய்ததெல்லாம் வாசலில் நின்று பல்லைக் காட்டியதுதான். ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்கில் எனக்கு ஒரு கோழிக்கடை. அந்த வீட்டுக்குக் கறி கொடுப்பதால் இது எனக்கு நன்றாகத் தெரியும்.

தனபால் சேலத்து ஆள். கைப்பேசியில் மூன்று வீடியோ பார்த்தால் அந்தத் தொழிலில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைக்கிற ரகம். போன மாதம் ஒரு ஸ்லோ குக்கர் வாங்கினான், கரண்டில் மணிக்கணக்காகச் சின்னச் சூட்டில் வேகவைக்கிற பானை. பெங்களூரிலிருந்து ஜிம்முக்குப் போகிற கூட்டம் ஒன்று வருகிறதாம், ஆறு பேர். பிடித்துப்போனால் மாதாமாதம் வருவார்களாம். அவர்களுக்கு ‘ஹை புரோட்டீன் ஏசியன் சிக்கன் ஸ்டூ’ வைக்கப் போகிறானாம். ஏசியன் என்றால் என்னவென்று கேட்டேன். சோயா சாஸ் ஊற்றினால் ஏசியன் என்றான். அப்படியானால் ஏற்காடு இத்தனை நாள் எந்தக் கண்டத்தில் இருந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் கைப்பேசியில்தான் தேடியிருப்பான்.

அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டான். இது சரியாக வந்தால் ஒன்றாம் தேதியிலிருந்து அவர் வரவேண்டாம், மெசின் சமைத்துக்கொள்ளும், பெருக்கித் துடைக்க ஒரு ஆள் போதும். பதினோரு வருடத்துக்கு அவ்வளவுதான் மரியாதை.

கூட்டம் வந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு அவனே கோழி, காளான், இஞ்சி, சோயா சாஸ் எல்லாவற்றையும் பானையில் போட்டு, பின்பக்கத்துச் சாமான் அறையில் வைத்து சுவிட்சைப் போட்டான். மூடியைத் திறந்தால் சூடு போய்விடும், மதியம்வரை யாரும் கிட்டே போகக்கூடாது என்று உத்தரவு. ஏழு மணிக்கெல்லாம் காற்றில் ஒரு சில்வர் ஓக் மரக்கிளை முறிந்து ஒயர்மேல் விழுந்து கரண்ட் போனது. மலையில் இது வாராவாரம் நடப்பது. ஆனால் லைட்டும் வைஃபையும் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்ததால் மகானுக்கு ஒன்றும் தெரியவில்லை. சாமான் அறைக்கு இன்வெர்ட்டர் கிடையாது.

பதினொன்றரைக்கு வெங்காயம் எடுக்கப் போன அக்கா பானைமேல் கை வைத்துப் பார்த்தார். வெதுவெதுப்புகூட இல்லை; வேகாத கோழி நாலரை மணி நேரமாக அப்படியே கிடந்து கெட்டிருந்தது. தனபாலைக் கூப்பிட்டுக் காட்டினார். அவன் முகம் ஒரு நிமிடம் சுருங்கியது, அவ்வளவுதான். காஸில் ஏற்றி ஒரு கொதி விட்டுப் போடு, அவர்களுக்கு என்ன தெரியப் போகிறது என்று சொல்லிவிட்டு, பகோடா பாயிண்ட் பார்க்கப் போயிருந்த விருந்தாளிகளைக் கூட்டிவரக் கிளம்பிவிட்டான். அக்கா எனக்குப் போன் செய்து புதுக் கோழி கேட்டார்.

இரண்டு கிலோ கோழி அறுத்து எடுத்துக்கொண்டு போனேன். விஷயத்தைக் கேட்டதும், உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

“அக்கா, அவன் சொன்னபடியே போட்டுருங்க. ஆறு பேருக்கும் வயித்தால போச்சுன்னா மெசின் கத முடிஞ்சுது. உங்க வேலையும் தப்பிச்சுது.”

“சாப்புட வந்தவங்க என்ன பாவம் பண்ணுனாங்க தம்பி?” என்றார் அக்கா. அந்தப் பானையைத் தூக்கிப்போய் எருக்குழியில் கொட்டி, கழுவிக் கவிழ்த்தார்.

பிறகு இஞ்சியும் பூண்டும் நசுக்கி, மலை மிளகு தட்டி, மிச்சமிருந்த காளானும் சோயா சாஸும் சேர்த்து, சாதாரண பிரஷர் குக்கரில் நாலு விசில் விட்டார். ஒரு மணிக்குத் தனபால் வந்தான். நடந்ததைக் கேட்டுக்கொண்டான். குழம்பை அந்த ஸ்லோ குக்கர் பானையில் ஊற்றி மேசைக்கு எடுத்துப்போனான். எனக்கும் ஒரு தட்டு வைத்தான். ஏழு மணி நேரம் சின்னச் சூட்டில் வெந்தது என்று கூசாமல் சொன்னான். கூட்டத்தின் தலைவன் பிரவீன், குட்டித் தராசில் கறியை நிறுத்துத் தின்கிற ஆசாமி, இந்த மெசினை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டான். மாதாமாதம் வருவதென்று சாப்பாட்டு மேசையிலேயே முடிவானது.

அவர்கள் கிளம்பியதும் தனபால் அடுப்படிக்கு வந்து ஒன்றாம் தேதியை ஞாபகப்படுத்தினான். வெட்கம் மருந்துக்கும் இல்லை. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“ஏனுங்க, மறுக்கா கரண்டு போனா அந்தக் கோழியக் குழியில கொட்டிப்போடுங்க. மனுசங்களுக்குப் போட்றாதீங்க.”

பையை எடுத்துக்கொண்டு, காலை இழுத்தபடி பஸ்ஸுக்கு நடந்தார்.

இந்தத் தனபாலை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் திட்டித் தீர்க்கிறேன். ஆனால் அந்த ஆறு பேரும் மெசினைப் புகழ்ந்தபோது, உண்மை தெரிந்த ஒருவன் அதே மேசையில் உட்கார்ந்திருந்தான். இவர்கள் மாதாமாதம் வந்தால் கோழியெல்லாம் உன்னிடம்தான் என்று தட்டு வைக்கும்போதே தனபால் அந்த ஒருவன் காதில் சொல்லியிருந்தான். நான் இரண்டாவது தடவையும் குழம்பு வாங்கிச் சாப்பிட்டேன்.