பெட்டி இறங்கி வரட்டும்

ஹோமா பே என்ற ஏரிக்கரை ஊரின் சந்தையில் மீன் பொரித்து விற்கும் அகேயோவுக்குச் சிறுவயதிலேயே போலியோவில் கால்கள் விளங்காமல் போயின. போன தேர்தலில் வாக்குச்சாவடிப் படிகளில் நாலு பேர் அவளைத் தூக்கிப் போனபோது பாவாடை விலகி, வரிசையே சிரித்தது. இந்த முறை சக்கர நாற்காலியைப் படிக்குக் குறுக்கே நிறுத்திவிட்டாள்.

"தூக்கிட்டுப் போறோம்மா, வழிய விடு," என்றார் அதிகாரி.

"நான் என்ன மீன் மூட்டையா? பெட்டி இறங்கி வரட்டும்."

"உன் ஒருத்தியால நாங்க வெயில்ல காயணுமா?" என்று வரிசையில் ஒருவன் கத்தினான்.

"காயி!"

தேர்தல் புகார் எண்ணுக்குப் போன் போட்டு, ஊரே கேட்கும்படி படிகளைப் பற்றிச் சொன்னாள். சற்று நேரத்தில் அதிகாரிக்கு மேலிடத்திலிருந்து அழைப்பு வந்தது. அவர் முணுமுணுத்துக்கொண்டே மேசையையும் வாக்குப் பெட்டியையும் மரத்தடிக்கு இறக்கினார். அகேயோ தானே சக்கரத்தைத் தள்ளிப் போய் வாக்களித்தாள்.

"இப்ப திருப்திதானே?" என்றார் அதிகாரி.

"இல்ல. இங்க சாய்வுப் பாதை போடுற வரைக்கும் போன் பண்ணிட்டேதான் இருப்பேன்."