மூக்கில் வைத்த வெளிச்சம்

எழுதத் தெரிந்தவர்கள் மன்னிக்க வேண்டும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், டவுன் பள்ளியில் மூன்று வருடம், அவ்வளவுதான் என் படிப்பு. கடிதம்கூட அதிகம் எழுதியதில்லை, எழுத ஆளில்லை. ஒருவன் தன் முகத்தைப் பற்றி எழுதுவது கூச்சமான காரியம். ஆனால் இதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் என் மூக்கைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். தாள் பார்க்காது என்பதால் எழுதுகிறேன்.

எழுபதுகளில் ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தேன். ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் காயவைக்கும் கட்டடத்தில் அடுப்புக்கு விறகு தள்ளும் வேலை. இருபத்தைந்து வயது தாண்டியபோது முகம் சிவக்கத் தொடங்கியது. அனலால் என்று நினைத்தேன். வேலை முடிந்து குளித்தால் இறங்கிவிடும். ஒரு கட்டத்தில் இறங்குவது நின்றுவிட்டது. நான் மாநிறத்துக்கும் கொஞ்சம் வெளுப்பு. அதனால் பளிச்சென்று தெரிந்தது. கன்னங்கள் செங்கல் நிறமாயின. மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்பு நூலைப் பிரித்துப் போட்டதுபோல் மெல்லிய நரம்புகள் ஓடின.

எங்கள் பக்கத்தில் சிவந்த மூக்குக்கு ஒரே அர்த்தம்தான். கள், இல்லையென்றால் சம்சு என்கிற மட்டமான சாராயம். நான் இரண்டையும் தொட்டதில்லை. பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை. கள்ளுக்கடையில் பத்துப் பேர் நடுவே உட்கார வேண்டுமே என்ற கூச்சம்தான் காரணம். அக்காவின் கணவர் சனிக்கிழமை தவறாமல் குடிப்பார். அவர் நல்ல கறுப்பு, முகத்தில் ஒன்றும் காட்டாது. "குடிக்கிறது நானு, செவக்கிறது நீயா மச்சான்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுச் சிரிப்பார். எனக்குப் பெண் பார்த்த இரண்டு இடத்திலும் பெண் வீட்டார் என் முகத்தைப் பார்த்ததும் காப்பியை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது இடம் பார்க்க வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

தோட்டத்தைக் கம்பெனி வீடு கட்டுபவர்களுக்கு விற்றபின் ஈப்போ டவுனை ஒட்டிய புந்தோங்கில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, பிஸ்கட் தொழிற்சாலையில் சேர்ந்தேன். அங்கும் அடுப்பு வேலைதான் கிடைத்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தை வெளியே திருப்பிக்கொள்வேன். பக்கத்து இடம் பெரும்பாலும் கடைசியில்தான் நிரம்பும். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. மற்ற நாட்களில் சில சமயம், மேஸ்திரியிடம் 'சரி' என்று சொன்னதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை என்பது படுக்கும்போதுதான் நினைவுக்கு வரும்.

எண்பதுகளின் கடைசியில் அக்கா மகளுக்குக் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை வீடு கோலா கங்சார். நான்தான் தாய்மாமன். முகூர்த்தத்துக்கு முன்னால் மணமக்கள் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியவன். மனைவி, பிள்ளை இல்லாத எனக்கு, 'எங்கே அவர், கூப்பிடுங்கள்' என்று ஒரு சபை தேடக்கூடிய நாள் அது ஒன்றுதான். அந்தப் பிள்ளை பிறந்த நாளிலிருந்தே அது எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் குடி என்றால் ஆகாது. அவருடைய தம்பி கெட்டுப்போன சம்சுவைக் குடித்து, கண் தெரியாமல் போய்ச் செத்தவர். நிச்சயத்தன்று என்னைப் பார்த்தவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் பழைய தோட்டத்துப் பக்கம் ஆளை அனுப்பிக் கள்ளுக்கடையில் விசாரித்திருக்கிறார். நான் ஒருநாள்கூட அங்கே வந்ததில்லை என்று கடைக்காரர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து அவர்கள் முடிவுக்கு வந்தார்கள்: முகம் அப்படி இருக்கிறது, கடைக்கும் போவதில்லை, அப்படியென்றால் வீட்டில் தனியாக உட்கார்ந்து குடிக்கிறவன். அது கடையில் குடிப்பதைவிட மோசம்.

இதை அக்கா என் முகத்தைப் பார்க்காமல், முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே சொன்னாள்.

"ஏதாச்சும் மருந்து பாருலா தம்பி. இன்னும் மூணு மாசம் இருக்கு. இல்லன்னா லூமுட்ல இருக்கிற பெரியப்பா மகன பட்டம் கட்டச் சொல்லலாம். அவரும் அவளுக்கு மாமன் முறைதான?"

நான் பார்க்கிறேன் என்றேன்.

ஈப்போவில் ஒரு சீன டாக்டர் தோலுக்கு மட்டும் பார்ப்பவர். வெளிச்சத்தால் நரம்பைச் சுடும் லேசர் மிஷின் ஒன்றை அவர் புதிதாக வாங்கியிருப்பதாகத் தொழிற்சாலையில் பேசிக்கொண்டார்கள். போனேன். பூதக்கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்தார். குடியால் வந்ததில்லை, தோலின் தன்மை, அடுப்புச் சூடு அதைக் கூட்டியிருக்கிறது என்று மலாயில் சொன்னார். நான் கேட்காமலே அவர் அதைச் சொன்னார். அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

ஆனால் அவர் அவசரப்படவில்லை. அந்த மிஷின் வெள்ளைத் தோலை நினைத்துச் செய்தது, நம்மைப் போன்றவர்கள் தோலில் கறுப்பாகவோ வெள்ளையாகவோ தழும்பு விழலாம் என்றார். முதலில் தாடைக்குப் பக்கத்தில், ஒரு காசளவு இடத்தில் மட்டும் வைத்துப் பார்த்தார். ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார். அந்த ஆறு வாரமும் வேலைக்குப் போகுமுன் கண்ணாடியில் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தேன். பொருக்குத் தட்டி, உதிர்ந்து, கொஞ்சம் கறுத்து, பிறகு தோல் நிறத்துக்கே வந்தது. சிவப்பு நூல் ஒன்றுகூட இல்லை. விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இருபத்து நான்கு வயதில் இருந்த என் முகத்தில் ஒரு காசளவு திரும்பி வந்திருந்தது.

டாக்டருக்கும் திருப்தி. ஆனால் மூக்கை இப்போது தொட வேண்டாம், இன்னும் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். கல்யாணத்துக்கு நான்கு வாரம் இருந்தது. நான் வாழ்க்கையில் யாரையும் வற்புறுத்தியவன் இல்லை. அன்று வற்புறுத்தினேன். எழுந்து போகாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டு முறை நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிட்டு, பிறகு கதவைச் சாத்தினாள். கடைசியில் அவர், மூக்கு மட்டும், ஆனால் பொருக்கு தானாக விழும்வரை வெயிலும் கூடாது, அடுப்பும் கூடாது என்றார். தலையாட்டினேன்.

கண்களை மூடி மேலே ஏதோ கவசம் வைத்தார்கள். மூக்கு மரத்துப்போக ஊசி. அப்புறம் 'டிக் டிக்' என்று சத்தம். மூடிய கண்ணுக்குள்ளும் ஓரத்தில் பச்சையும் நீலமும் கலந்த ஒரு வெளிச்சம் வந்து வந்து போனது. மரத்துப்போகாத இடத்தில் கொதித்த எண்ணெய் தெறித்தது போலிருந்தது. முடி கருகும் வாசம் வந்தது. டாக்டர் இடது கையால் என் தாடையை அசையாமல் பிடித்திருந்தார். என் முகத்தை இன்னொருவர் தொட்டு எத்தனையோ வருடமாகியிருந்தது. வலித்தாலும் சீக்கிரம் முடிந்துவிட்டதாகத்தான் தோன்றியது.

அடுப்பு கூடாது என்று அவர் சொன்னதை மேஸ்திரியிடம் சொன்னேன். ஆள் பற்றாக்குறை, கல்யாணத்துக்கு மூன்று நாள் லீவு கேட்டிருக்கிறாய், இரண்டில் ஒன்றுதான் என்றார். கல்யாண லீவை விட எனக்கு மனமில்லை. மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு அடுப்பு முன்னால் நின்றேன். துணி ஒட்டி, பொருக்கோடு பிய்ந்து வந்தது. மறுபடி பொருக்குக் கட்டியது, முன்னைவிடத் தடிப்பாக, கன்னங்கரேலென்று. அக்காவிடம் நன்றாக ஆறி வருகிறது என்றே சொல்லி, இரண்டு ஞாயிறு அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன்.

கல்யாணம் புந்தோங் கோயில் மண்டபத்தில். புது வேட்டி, சட்டையோடு போனேன். அக்கா என் மூக்கைப் பார்த்தாள். பட்டம் இருந்த தட்டை நான் கையில் எடுத்ததும் மாப்பிள்ளையின் அப்பா பக்கத்தில் வந்தார்.

"என்னங்க மூக்குல? எங்கயாச்சும் விழுந்துட்டீங்களா?"

"இல்லங்க. டாக்டர்கிட்ட போனேன். லைட்டு வச்சாங்க."

"லைட்டா?"

"நரம்பச் சுடுறதுங்க. லைட்டு வச்சு."

அவருக்குப் பின்னால் நின்ற அவர்கள் சொந்தக்காரர் ஒருவர், "லைட்டு வச்சாங்களா, இல்ல ராத்திரி லைட்டுக் கம்பத்துல முட்டிக்கிட்டீங்களாண்ணே?" என்று கேட்டார். நான்கைந்து பேர் சிரித்தார்கள். எனக்கே நான் சொன்னது பொய் போலக் கேட்டது. உளறுகிறவன்தான் அப்படிச் சொல்வான்.

மாப்பிள்ளையின் அப்பா சிரிக்கவில்லை. சந்தனக் கிண்ணத்தை எடுத்து எனக்குப் பூச வருகிறவர் போல இன்னும் நெருங்கினார். முகத்தை என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து அப்படியே நின்றார். எதற்கு நிற்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நான் பின்வாங்கினால் எனக்குப் பதிலாகக் கட்ட, லூமுட் அண்ணன் இரண்டாவது வரிசையில் தயாராக உட்கார்ந்திருந்தார். நான் வாயை நன்றாகத் திறந்து, அவர் மேல் மூச்சை விட்டேன். காலையில் குடித்த டீயின் வாசத்தைத் தவிர அதில் வேறு எதுவும் இருந்திருக்காது. அக்கா இரண்டடி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து, சரியாகவே இருந்த பூத்தட்டைச் சரிசெய்தாள்.

"சரி, கட்டுங்க," என்றார் அவர்.

கட்டினேன். பெண்ணுக்குக் கட்டும்போது மூச்சு அவள் மேல் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதையும் யாரோ பார்த்திருப்பார்கள். அவள் தலையைக் குனிந்திருந்ததால் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேளம் வாசித்தார்கள். போட்டோக்காரர் என்னைக் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பச் சொன்னார். சாப்பாட்டுப் பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அறைக்கு நடந்தே வந்தேன்.

மறுநாள் கோலா கங்சாரில் மாப்பிள்ளை வீட்டு விருந்து. அக்கா வீட்டார் வேன் எடுத்துக்கொண்டு போனார்கள். எனக்கு லீவு ஒருநாள் மீதி இருந்தது. நான் காலை ஷிப்டுக்குப் போனேன். அன்று கிரீம் பிஸ்கட் போட்டார்கள்.