ரெண்டு ரவுட்டரும் என் ஞாயித்துக்கிழமையும்

ஒரு ரவுட்டர் படுத்தா இன்னொண்ணு எந்திரிச்சு நெட்டைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி அமைச்சுக் குடுக்கறதுதானுங்க நம்ம பொழப்பு. ஆபீஸ் நடக்கறப்ப அதை அணைச்சுச் சோதிக்க முடியாது. ஊரே லீவுல இருக்கற ஞாயித்துக்கிழமைதான் நமக்கு வேலை. ஞாயித்துக்கிழமை டிபன் பாக்ஸ் தூக்குற அத்தனை பேருக்கும் என் வயித்தெரிச்சல் புரியும். சம்சாரம் சங்கீதா பிரசவத்துக்கு வெள்ளகோவில், அவங்கம்மா ஊட்டுக்குப் போயி, மக பொறந்து நாலு மாசம் ஆச்சு. கோயமுத்தூர்ல இருந்து மூணு மணி நேர பஸ்ஸுதான். புள்ளையப் பாத்தது ரெண்டே தடவைங்க.

ஒரே பெட்டி

பல்லடத்துல ஒரு கோழித்தீவன ஆபீஸ். வெள்ளென முடிச்சுப்போட்டு அப்படியே வெள்ளகோவிலுக்கு பஸ் ஏறிடலாம்னு இருந்தேன். முதல் ரவுட்டரோட சுவிட்சை அணைச்சேன். ரெண்டாவதும் கூடவே படுத்துருச்சு! ஒரு மணி நேரம் செட்டிங்கையெல்லாம் நோண்டிட்டு, கடைசியில குனிஞ்சு பாத்தா ரெண்டோட கரண்டு ஒயரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில. தனி லைன் இழுக்க எலக்ட்ரீஷியன் வாரதுக்குள்ள பொழுது சாஞ்சு போச்சு. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. மேனேஜர் நிதானமாச் சொன்னாரு: "ஜோடியா இருக்கட்டும்னுதானுங்க ஒண்ணாச் சொருகுனேன். தனித்தனியா உட்டா ஏங்கிப் போயிருமுங்களே!"

பத்து செகண்டு

பொள்ளாச்சியில தேங்காயெண்ணெய் கம்பெனி. முதல் ரவுட்டர் மூணு செகண்டுக்கு ஒருக்கா "நான் இருக்கேன்"னு ரெண்டாவதுக்குச் சேதி அனுப்பும். பத்து செகண்டு சத்தமில்லைன்னா ரெண்டாவது பொறுப்பை எடுத்துக்கும். பில் போடற அக்கா, ஒரே செகண்டுல மாறோணும்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. சேதியும் அதுக்குத் தக்கன அடிக்கடி போற மாதிரி மாத்தி, ஒரு செகண்டே வெச்சுக் குடுத்தேன்.

அப்புறம் சேதி லேசா தாமதமானாலே போதும், ரெண்டாவது "அவன் போயிட்டான்"னு எந்திரிக்கும். முதலாவது "இங்கதான்டா இருக்கேன்"னு திரும்பி வரும். வாரம் பூரா பில் பாதியில தொங்குச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமையும் எனக்குப் பொள்ளாச்சிதான். அக்கா சொன்னாங்க: "பத்தே இருக்கட்டுங்க தம்பி. எங்க ஊட்டுக்காரரைக் கூப்புட்டா எந்திரிக்க அரை மணி நேரம் ஆகுது, அதையே பொறுத்துக்கறேன்."

வாரேன்

நம்ம பக்கம் நெசமா வாரதுக்கும் "வாரேன்"தான், பேச்சை முடிக்கறதுக்கும் "வாரேன்"தான். ஒரு நாள் மாமியார்கிட்ட போன் பேசி முடிக்கறப்ப, "சரிங்க அத்தை, வாரேனுங்க"ன்னு வெச்சுப்போட்டு திருப்பூர் வேலைக்குப் போயிட்டேன். மத்தியானம் அவங்களே கூப்புட்டாங்க: "மூணு தடவை சூடு பண்ணிப்போட்டேனுங்க மாப்பிள்ளை. இன்னும் எவ்வளவு தூரத்துல இருக்கீங்கன்னு சொன்னாத்தானுங்க கோழிக்கொழம்பை எறக்கி வெக்க முடியும்?"

வெள்ளகோவில்

போன ஞாயித்துக்கிழமை மொதலாளிகிட்டச் சண்டை கட்டி லீவு வாங்கி, மொத பஸ்ஸு ஏறிட்டேன். மகளைக் கையில வாங்குனதும் வீல்னு கத்துனா. தோள்ல போட்டு நடந்தேன், கிலுகிலுப்பை ஆட்டுனேன், ஊஹூம். அவ கத்தற சத்தத்துல நான் பேசுனது எனக்கே கேக்கலைங்க. சங்கீதா புள்ளையத் திருப்பி வாங்கிக்கிட்டுச் சொன்னா: "தெனமும் போன் ஸ்பீக்கர்ல உங்க சத்தம் கேட்டாச் சிரிக்கற புள்ளைங்க மாமா. வாசல்ல போயி நின்னு ஒரு போன் போடுங்க, வந்திருக்கறது யாருன்னு தெரிஞ்சுக்கட்டும்."

மகளைப் பாக்க மூணு மணி நேரம் பஸ்ஸுல வந்து, வாசல்ல நின்னு அவளுக்கே போன் போட்டவன் இந்தத் தொழில்ல நான் ஒருத்தன்தானுங்க இருப்பேன்.