கறுப்புச் சன்னல் சொன்ன சேதி

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் எனக்கு முதல் வேலை. பெட்டிகளில் ஒட்டும் லேபிளுக்காக நான் எழுதிய புரோகிராம், அச்சடிக்கும் வேலையை மட்டும் வேறொரு குட்டி புரோகிராமைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்லும். ஒருநாள் லேபிள் வரவில்லை. திரையில் ஒரு கறுப்புச் சன்னல் மின்னி மறைந்தது. அதில் ஏதோ எழுதியிருந்தது, படிப்பதற்குள் போய்விட்டது.

அந்த வரிகளைப் பிடித்து என் திரையிலேயே காட்டும்படி புரோகிராமை மாற்றினேன். அப்போதும் வெறுமைதான்.

"ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குதுடி" என்றேன், என்னோடு வேலைக்குச் சேர்ந்த முத்தியால்பேட்டைத் தோழியிடம்.

அவள் யோசித்தாள். "நல்ல பதில் ஒரு வழியா வருது. தப்பு நடந்தா வேற வழியா சொல்லுமோ? ரெண்டையும் புடிச்சுப் பாரேன்."

பிடித்தேன். லேபிள் ரோல் தீர்ந்துவிட்டதென்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. அவள் ஓடிப்போய் பிரிண்டரைத் திறந்தாள். உள்ளே வெறும் அட்டைக்குழல்!

நாங்கள் சிரித்த சிரிப்பில் சூப்பர்வைசரே வந்துவிட்டார்.

"என்னம்மா ஆச்சு?"

"கம்ப்யூட்டர் வாயத் தொறந்துடுச்சு சார்!" என்றேன். புது ரோலை மாட்டியதும் லேபிள்கள் சரசரவென்று வர, தோழி கை தட்டினாள்.