பொதுமக்கள் கோரிக்கையை ஏற்று

"கக்கூசைத் திறந்து விடுங்கன்னு கேட்டது ஒரு குத்தமாப்பா? பன்னெண்டாவது வரைக்கும் படிச்சிருக்க, நீ சொல்லு" என்று எதிர் வீட்டுச் சித்ராதேவி அக்கா என்னிடம் கேட்டார். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சித்ராதேவிக்கு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனைப் புரட்டிப் பார்த்து, ஓட்டையோ கறையோ இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டித் தனியே போட வேண்டும். கணவர் ராமர் பனியன் துணி பின்னும் நிட்டிங் கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறார்; எப்போதும் நைட் ஷிப்டுதான். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீட்டில் ஒற்றை அறை. அடுப்பும் பாயும் மகள் ஆஷாவின் புத்தகப் பையும் அதற்குள்தான். ஆஷா ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியாது.

வார நாட்களில் தொந்தரவில்லை. அப்பா தூங்கும் நேரத்தில் அவள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமைதான் சிக்கல். சனி ராத்திரி ஷிப்டு முடித்து வந்து படுக்கும் ராமர், ஒரு டம்ளர் உருண்டாலும் எழுந்துவிடுவார்.

"தூக்கம் கெட்டு மிஷின்கிட்ட நின்னா கை போயிரும் சித்ரா. பிள்ளைய சாத்தூர்ல எங்க அக்கா வீட்டுல விட்டுருவோம். அங்கயே படிக்கட்டும்" என்று அடிக்கடி சொல்வார்.

சித்ராதேவி ஒத்துக்கொள்ளவே இல்லை. பெற்ற பிள்ளையை வருசத்துக்கு ரெண்டு தடவை பார்ப்பதற்கா இவ்வளவு தூரம் வந்து கஷ்டப்படுகிறோம் என்பார். அவர் அப்படித் தைரியமாகச் சொன்னதற்குக் காரணம், காசில்லாமல் உள்ளே போக முடிந்த நகராட்சிப் பூங்கா. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் புளிச்சோற்றைக் கட்டிக்கொண்டு ஆஷாவுடன் போய்விடுவார். சாயங்காலம்தான் திரும்புவார். லைனில் இருக்கும் மற்ற பெண்களும் அப்படித்தான். எல்லார் வீட்டிலும் ஒருவர் பகலில் தூங்க வேண்டியிருந்தது.

பூங்காவில் ஒரே குறை, கக்கூஸ் பூட்டியே கிடக்கும். அதனால் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவார்கள்.

"கம்பெனில ஆறு நாளு அடக்கறது பத்தாதுன்னு, லீவு நாளும் அடக்கோணுமாக்கும்" என்பார் பக்கத்து அறை பழனியம்மாள். இந்த ஊர்க்காரர், தைத்த பனியனில் பிசிர் நூல் வெட்டும் வேலை. "கண்ணு, நீதான் நல்லாப் பேசறயே. கூட்டத்துல கேட்டுப் போடு."

பள்ளிக்கூடத்தில், வார்டு மக்கள் குறைகளைச் சொல்லும் பகுதி சபைக் கூட்டம் நடந்தபோது சித்ராதேவி எழுந்து மைக்கை வாங்கினார். வாழ்க்கையில் முதல் தடவை.

"பார்க்குல கக்கூசைத் திறந்து விடுங்க. சும்மா வேண்டாங்க. ஆளுக்கு அஞ்சு ரூபா வேணாலும் குடுக்கோம். சுத்தமா வச்சிருந்தா போதும்."

எல்லோரும் கை தட்டினார்கள். கவுன்சிலர் மகுடேஸ்வரன் எழுந்தே நின்றுவிட்டார். "பாருங்க, சனங்களே பொறுப்பாக் கட்டணம் தர்றோம்னு சொல்றாங்க. இப்படியல்லவா இருக்கோணும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ராமர், "மைக்கைக் கண்டா விட மாட்டியாமே. அடுத்த தடவை கவுன்சிலருக்கு நிப்ப போலயே" என்று சிரித்தார். அந்த வாரம் முழுவதும் சித்ராதேவி நிமிர்ந்துதான் நடந்தார்.

பிறகு வேலை நடக்கிறது என்று பூங்காவை மூடினார்கள். திறந்தபோது வாசலில் பெரிய பலகை இருந்தது. பெரியவர்களுக்கு இருபது ரூபாய், சிறுவர்களுக்குப் பத்து, ஊஞ்சலுக்குத் தனிச் சீட்டு. நடைப்பயிற்சிக்கு மாதப் பாஸ். வெளி உணவுக்கு அனுமதி இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி: 'பொதுமக்கள் கோரிக்கையை ஏற்று.'

முதல் ஞாயிறு மட்டும் சீட்டு வாங்கி உள்ளே போனார்கள். கட்டிவந்த சோறு வாசலிலேயே நின்றுவிட்டது. கக்கூசுக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தது. பூட்டும் புதுசு. சீட்டுக் கொடுக்கும் ஆளிடம் கேட்டதற்கு, "அது வேற டெண்டரு அக்கா, எனக்குத் தெரியாது" என்றான்.

வாராவாரம் அவ்வளவு காசு கட்டுப்படியாகாது என்று அடுத்த ஞாயிறு யாரும் கிளம்பவில்லை. தண்ணீர்க் குழாயடியில் பழனியம்மாள் பேச்சை ஆரம்பித்தார். "மைக்கு மகராசி வர்றாங்க, வழி உடுங்க." மற்றவர்கள் சிரித்தார்கள். "ஏங்கண்ணு, சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையா ஆகிப்போச்சே."

கேட்கச் சொன்னதே இவர்தான். சித்ராதேவி அதைச் சொல்லிக் காட்டவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு மகுடேஸ்வரனைப் பார்க்கப் போனார். அவர் நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்துத்தான் பேசினார்.

"நான் கக்கூசுக்குத்தாங்க காசு தர்றோம்னேன். உள்ள வர்றதுக்குச் சொல்லலைங்க."

"பராமரிப்புன்னா எல்லாம் சேர்ந்ததுதானுங்க அம்மிணி. ஆரம்பிச்சு வெச்சதே நீங்கதானுங்களே. தீர்மானத்துல உங்க பேச்சைத்தான் சொல்லியிருக்குது. குறை இருந்தா அடுத்த கூட்டத்துல சொல்லுங்க, கேட்டுக்கலாம்."

அவர் கோபப்பட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவரிடம் என்ன சொல்வது?

அடுத்த கூட்டத்துக்கும் போனார். மாதப் பாஸ் வாங்கிய ஒருவர் எழுந்து, "இப்பத்தானுங்க நிம்மதியா நடக்க முடியுது. முன்னாடி ஞாயித்துக்கெழமையானா ஒரே எரைச்சல்" என்று நன்றி சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். போன தடவை கேட்ட அதே கைதட்டல். சித்ராதேவி கையைத் தூக்கியபடியே இருந்தார். மைக் அவரைத் தாண்டிப் போனது. லைனிலிருந்து துணைக்கு ஒருவரும் வரவில்லை.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆஷாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து பார்த்தார். வெயில் தாங்கவில்லை. கோயிலில் நடை சாத்தும் வரைக்கும்தான் இருக்க முடிந்தது. கடைசியில் அறைக்குள்ளேயே இருந்தார்கள். ஆஷாவின் வாயைப் பொத்திப் பொத்தி சித்ராதேவிக்குக் கை வலித்தது.

ஒரு ஞாயிறு மத்தியானம் ஆஷா எதற்கோ சத்தமாகச் சிரித்தாள். பல்லி கீழே விழுந்தது என்று நினைக்கிறேன். ராமர் பாதித் தூக்கத்தில் எழுந்து அவள் கன்னத்தில் அறைந்துவிட்டார். அதுவரை பிள்ளைமேல் கை வைத்தவரில்லை. அறைந்த கையையே பார்த்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். ஆஷா அழுதாள். ஆனால் சத்தம் வரவில்லை. சத்தமில்லாமல் அழ அவள் கற்றுக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்த சித்ராதேவி, "உங்க அக்காவுக்குப் போனைப் போடுங்க" என்றார்.

பரீட்சை முடிந்ததும் ஆஷாவை சாத்தூரில் விட்டுவிட்டு வந்தார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அறை அமைதியாக இருக்கிறது. ராமர் நன்றாகத் தூங்குகிறார். சித்ராதேவி வாசல்படியில் உட்கார்ந்திருப்பார். உள்ளே போனால் சத்தம் வந்துவிடுமோ என்ற பயம் மட்டும் இன்னும் போகவில்லை. அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாளில்தான் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

இன்றைக்குக் கேட்டால் குற்றமில்லை அக்கா என்பேன். ஆனால் அதற்காக ஆஷா திரும்பி வரப் போவதில்லை. இதைப் படித்தவர்கள் இன்னும் நாலு பேரிடம் சொல்லுங்கள். முக்கியமாக, அடுத்த கூட்டத்தில் மைக்கை வாங்கப் போகிறவர்களிடம் சொல்லுங்கள்.