தெருவுக்கு அந்தப் பக்கம் முதலில் விழும் கோல்

உலகத்தில் இதுவரை பிறந்த, இனிமேல் பிறக்கப்போகிற சவரத் தொழிலாளிகள் அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்தினால், முதல் இடத்தில் சந்துமுனை சலூன்காரர் நிற்பார். இரண்டாம் இடம் காலியாக இருக்கும், ஒரு மரியாதைக்காக. மூன்றாம் இடத்திலிருந்துதான் மற்றவர்கள். அவர் கத்தி தீட்டும் சத்தம் கேட்டாலே அடுத்த தெருவில் பாதித் தாடிகள் பயந்து தாமாக உதிர்ந்துவிடும். ஒரு தடவை முழு வழுக்கைக்காரர் ஒருவர் சும்மா கதை பேச வந்து உட்கார்ந்தார். எழுந்து போகும்போது சீப்பு ஒன்று வாங்கிக்கொண்டு போனார். நம்பாதவர்கள் அந்தச் சீப்பைப் போய்ப் பார்க்கலாம், பல்லெல்லாம் தேய்ந்திருக்கும்.

அதெல்லாம் ஒரு பக்கம். அவருடைய நிஜமான பெருமை வேறு. அவர் நாற்காலியில் உட்கார்ந்து ரத்தம் பார்த்தவர் யாரும் கிடையாது. அதுவும் கால்பந்துப் போட்டி நடக்கிற மாலைகளில்.

கடை சின்னது. ஒரு நாற்காலி, ஒரு பெஞ்சு. நாற்காலிக்கு எதிரே, பின்சுவர் முழுக்கக் கண்ணாடி. வாசல் முதுகுப் பக்கம். வாசலுக்கு மேலே டிவி. நாற்காலியில் இருப்பவர் கண்ணாடியில் பார்ப்பார், பெஞ்சில் இருப்பவர்கள் கழுத்தைத் திருகிப் பார்ப்பார்கள். சலூன்காரரும் கண்ணாடியில்தான் பார்ப்பார். அவருடைய உலகத்தில் இடதுகால் ஆட்டக்காரர்கள் எல்லாரும் வலதுகாலால் உதைத்தார்கள். ஸ்கோரை இடவலம் மாற்றிப் படிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. பந்து கோல் பக்கம் நெருங்கும்போது அவர் கை கத்தியை ஒரு விரல் அகலம் தூக்கிக்கொள்ளும். கோல் விழும், நாற்காலிக்காரர் துள்ளுவார், கத்துவார், மறுபடி சாய்வார். கத்தி விட்ட இடத்திலிருந்து தொடரும். துள்ளினவருக்கு எதுவும் தெரியாது. தன் தோல் கெட்டி என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்.

சந்துக்கு எதிர்ப்பக்கம் டீக்கடை. டீக்கடைக்காரர் இவருடைய அக்காள் புருஷன். அவருக்கு ஒரு மகள். பள்ளிக்கூடத்துக்கும் அவளுக்கும் கொஞ்ச நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. கடையில் கிளாஸ் கழுவுகிறாள், சலூனுக்கு டீ கொண்டுபோகிறாள், இதை எழுதுகிறாள். அவளைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. நல்ல பெண்.

மாற்றம் மாடியிலிருந்து இறங்கி வந்தது. சலூனுக்கு மேலேதான் வீடு. ஒரு நாள் சலூன்காரரின் மனைவி, பெஞ்சு காலியாக இருக்கிற நேரம் பார்த்துக் கீழே வந்து விரலை மடக்கத் தொடங்கினார்.

"மேல நெட்டுக்கு ஒரு பில்லு. கீழ கேபிளுக்கு ஒரு பில்லு. விளையாட்டு சேனலுக்குத் தனியா ஒரு தண்டம். இருநூறு சேனல் தர்றான், நீங்க பாக்கறது ஒண்ணு. மிச்சத்தையெல்லாம் யாரு பாக்கறா, செவுத்துப் பல்லியா?"

"பல்லிக்கும் பொழுது போகணும்ல?"

"பல்லி முடி வெட்டிக்குதா? காசு குடுக்குதா?"

சலூன்காரர் தலையாட்டினார். அந்த அம்மாள் விரலை மடக்கினால் கணக்கு ஏற்கனவே முடிந்துவிட்டது என்று அர்த்தம். கீழே இறங்கி வருவது யோசனை கேட்க அல்ல, தலையாட்டலை வாங்கிக்கொண்டு போக.

மாடியில் அந்த அம்மாள் முன்னமே களை எடுத்து முடித்திருந்தார். 'முதல் மாசம் இலவசம்' என்று கையைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்து, பிறகு மாதாமாதம் சத்தம் போடாமல் கணக்கில் கடித்துக்கொண்டிருந்த ஆப்கள் இரண்டை நிறுத்தினார். நெட்டின் வேகத்தை ஒரு படி இறக்கினார். ("என்ன, மாடியிலேர்ந்து ராக்கெட்டா விடப்போறோம்?") போட்டி காட்டுகிற ஆப்பை மட்டும் வைத்துக்கொண்டு, மொத்த சீசனுக்கும் சேர்த்துக் கட்டினால் மலிவு என்று கட்டியும் விட்டார். கேபிள் பெட்டி திரும்பிப் போனது. நெட்டை டிவிக்குள் கொண்டுவர, அதன் பின்னால் விரல் நீளத்தில் ஒரு குச்சி செருகப்பட்டது. ஒரே ஒரு கட்டளை: போட்டி நேரத்தில் மாடியில் யாரும் நெட்டைத் தொடக்கூடாது, தொட்டால் படம் சதுரம் சதுரமாக உடையும். கட்டளையைப் போட்டவரே அதற்குக் கட்டுப்பட்டு, போட்டி மாலைகளில் சீரியல் பார்க்காமல் சும்மா உட்கார்ந்திருந்தார். அதுதான் வீட்டில் நடந்த பெரிய தியாகம்.

முதல் போட்டியன்று படம் கேபிளைவிடப் பளிச்சென்று இருந்தது. புல் ஒவ்வொன்றாக எண்ணலாம். நாற்காலியில் வங்கிக் காவலாளி. பெரிய உடம்பு, தாடைக்குக் கீழே இன்னொரு தாடை. நியாயமாகப் பார்த்தால் அவரிடம் இரண்டு சவரத்துக்குக் காசு வாங்க வேண்டும். கண்ணாடியில் கோல்கீப்பர் பந்தைத் தரையில் வைத்து நிதானமாகச் சட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஆபத்து எதுவும் இல்லை. சலூன்காரர் கத்தியைத் தொண்டைக்குக் கொண்டுபோனார்.

அப்போது எதிர்க்கடையில் "கோ...ல்!" என்று கூரை பிய்ந்தது.

காவலாளி துள்ளினார். இரண்டு தாடைக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு.

"யாரு போட்டா? யாரு போட்டா?" என்றார் அவர், தலையைத் திருப்பி.

"நான்தாங்க போட்டேன்" என்றார் சலூன்காரர்.

படிகாரக் கல்லை எடுத்துத் தேய்த்து, துண்டால் ஒற்றி முடித்த பிறகுதான் கண்ணாடியில் அந்தக் கோல் விழுந்தது. காவலாளி அதை எரிகிற கழுத்தோடு பார்த்தார். "ஆறிப்போன டீ மாதிரி ஒரு கோலு. இதுக்கு நான் ரத்தம் வேற குடுத்தேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அவர் வாசலில் நிற்கிற வேலை பார்ப்பவர். வங்கிக்கு வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் கழுத்து தெரியும். விஷயம் பரவ வேறு என்ன வேண்டும்?

சலூன்காரர் ஆப் கம்பெனிக்குப் போன் போட்டார். "நெட்ல கொஞ்சம் பின்னாடிதான் சார் வரும்" என்றது ஒரு குரல்.

"எவ்ளோ பின்னாடி?"

"அது ஒவ்வொரு நேரம் ஒவ்வொரு மாதிரி இருக்கும் சார்."

அங்கேதான் சிக்கல். இவ்வளவு என்று தெரிந்தால் கையைப் பழக்கிக்கொள்ளலாம். கேபிளில் பார்க்கிற டீக்கடை முன்னால் கத்தும், நெட்டில் பார்க்கிற சலூன் பின்னால் பார்க்கும், இடைவெளி மட்டும் அதன் இஷ்டம். சத்தத்தைக் கூட்டி வைத்துப் பார்த்தார், எதிர்க்கடை அதையும் மீறிக் கத்தியது. வாடிக்கையாளர் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார். "மீசையை வைக்கணுமா, எடுக்கணுமா?" என்று கேட்டதற்கு ஒருத்தர் "ஆமா" என்றார். பஞ்சு யோசனை அந்த மீசையோடு போயிற்று.

நடுவில் டீக்கடைக்காரர் மகள் வேறு ஞானி ஆகிவிட்டாள். டீ கிளாஸோடு சலூனுக்குள் வந்து, கண்ணை அரைவாசி மூடி, "இப்ப நீலச் சட்டைக்காரன் வெளிய அடிப்பான் பாருங்க" என்பாள். நீலச் சட்டைக்காரன் வெளியே அடிப்பான். பெஞ்சுக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். பன் ஒன்றைப் பந்தயம் வைத்தார்கள். அவள் நிறையப் பன் தின்றாள். எதிர்க்கடையில் பார்த்துவிட்டுச் சந்தைத் தாண்டி வந்து சொல்கிறாள் என்று யாருக்கோ ஒரு நாள் உறைத்தது. அத்தோடு அவள் ஞானமும் போயிற்று, பெஞ்சும் போயிற்று.

"தெருவுக்கு அந்தப் பக்கம் கோல் புதுசா இருக்கு. இங்க எதுக்குப் பழசு?" என்று எழுந்து போனார்கள். போட்டி மாலைகளில்தான் சலூனுக்கு வாரத்தின் பாதி வருமானம். இப்போது தாடியும் மீசையுமாக எதிரே டீ குடித்தார்கள். திரும்பக் கேபிளுக்குப் போகலாம் என்றால் சீசன் பணம் கட்டியாகிவிட்டது. புதிதாக இணைப்பு வாங்க வேறு தனிக் காசு. மனைவி விரலை மடக்கவே இல்லை. அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

ஒரு மாலை டீ கொண்டுபோனவள் வாசலிலேயே நின்றாள். சலூன்காரர் தன்னுடைய நாற்காலியில் தானே உட்கார்ந்து, கழுத்தில் துணியைக்கூடச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியில் போட்டி பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்க்கடையில் கத்தினார்கள். அவர் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடியில் கோல் விழுந்தபோது மெதுவாகக் கையைத் தட்டினார், இரண்டு தட்டு. அவள் டீயை வைத்துவிட்டுப் போனாள். ஞானமாகக்கூட ஒன்றும் சொல்லவில்லை.

இறுதிப்போட்டிக்கு முந்தின நாள் டீக்கடையில் கேபிள் செத்தது. திரை முழுக்கப் புள்ளி. மேலே ஒயரை எலி கடித்திருக்கும் என்று டீக்கடைக்காரர் மகள் சொன்னாள். கேபிள்காரருக்குப் போன் போட்டால் ஆள் லீவு, வாரக் கடைசியில்தான் வருவாராம். டீக்கடைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சந்தைத் தாண்டி வந்தார்.

"என்ன மாப்ளே, கடையில ஈ ஓட்டற போல?"

"ஈயும் உங்க கடைக்குத்தான் போயிடுச்சு மச்சான்."

"நாளைக்கு மேட்ச் இல்லேன்னா என் தோலை உரிச்சுடுவானுங்கடா. உன் வைஃபை என் கடை வரைக்கும் எட்டுமா?"

"எட்டும். ஆனா நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்னு பாத்தா நெட்லயும் ஒண்ணா வராது. உங்களுக்கு முன்ன விழும், எனக்குப் பின்ன விழும். மறுபடி எவன் கழுத்தையாவது நான் அறுக்கணும்."

"அப்ப என்னதான் செய்யச் சொல்ற?"

சலூன்காரர் கண்ணாடியைப் பார்த்தார். அதில் வாசல் தெரிந்தது, வாசலுக்குள் சந்து தெரிந்தது, சந்துக்கு அப்பால் டீக்கடையின் முகப்பு தெரிந்தது. "உங்க டிவி பெருசு" என்றார். "அதைத் தூக்கி முகப்புல தெருவைப் பாத்து மாட்டுவோம். குச்சியை அதுல செருகுவோம். நெட்டு என்னோடது, டிவி உங்களோடது. உங்க ஆளுங்க அங்கேர்ந்து பாக்கட்டும், என் ஆளுங்க கண்ணாடியில பாக்கட்டும். ஒரே டிவி, ஒரே கோலு."

"நெட்டுக் காசு?"

"ஆளுக்குப் பாதி."

மாடி ஜன்னல் திறந்தது. "கரன்ட்டு உங்க கடையோடது அண்ணே!" என்று மேலேயிருந்து ஒரு குரல் சேர்த்துச் சொன்னது. டீக்கடைக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு, பேரம் அதற்கு மேல் நகராது என்று தெரிந்து, ஏணி எடுக்கப் போனார்.

இறுதிப்போட்டி மாலை சந்தில் நடக்க இடமில்லை. சலூன் பெஞ்சு நிறைந்திருந்தது. ஆனால் நாற்காலி காலி. எல்லாரும் கண்ணாடியைப் பார்த்தார்கள், யாரும் கழுத்தைக் கொடுக்கவில்லை. அப்போது வங்கிக் காவலாளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். தழும்பைத் தடவினபடி உட்கார்ந்தார்.

"இன்னைக்கும் ஒரு சொட்டு வந்துச்சுன்னு வைங்க, கடையை இழுத்து மூடிட்டுப் போயிடணும்."

"சாயுங்க" என்றார் சலூன்காரர்.

நுரை போட்டார். கன்னம் முடிந்தது. மேல்தாடை முடிந்தது. இரண்டு தாடைக்கும் நடுவில் கத்தி இறங்கியபோது, கண்ணாடியின் ஆழத்தில், சந்துக்கு அப்பால், ஒருவன் பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடினான். இடதுகாலோ வலதுகாலோ, இனி அது முக்கியமில்லை. பெஞ்சு மூச்சை இழுத்தது. கத்தி ஒரு விரல் அகலம் மேலே எழுந்தது.

சந்து முழுக்க ஒரே நேரத்தில் வெடித்தது. காவலாளி நாற்காலியிலிருந்து எகிறி, இரண்டு கையையும் தூக்கிக் கத்தி, பெஞ்சில் இருந்த முன்பின் தெரியாத ஒருவரை நுரையோடு கட்டிப்பிடித்து, திரும்ப வந்து சாய்ந்தார். சலூன்காரர் மிச்சத்தை வழித்தார். காவலாளி விரலால் கழுத்தைத் தடவி, விரலைப் பார்த்தார். மறுபடி தடவி, மறுபடி பார்த்தார்.

"ம்" என்றார். பிறகு பெஞ்சைப் பார்த்து, "அடுத்து யாருப்பா? உக்காருங்க, சும்மா பயப்படாதீங்க" என்று அதட்டினார். வரிசை கட்டி நின்றார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு டீக்கடைக்காரர் மகள் கிளாஸ் பொறுக்க வந்தாள். சலூன்காரர் முடியைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார்.

"எலி கடிச்சுதுன்னு சொன்னேல்ல நீ?"

"ஆமா மாமா. பெரிய எலி. இவ்ளோ பெருசு."

"டிவியை மாட்ட நான்தானே மேல ஏறினேன். பாத்தேன். ஒயர்ல ஒரு பல்லுகூடப் படல. திருகிக் கழட்டி, பக்கத்துல பதவிசா சுருட்டி வச்சிருந்துச்சு. எந்த ஊரு எலி இது, ஸ்பேனரோட வருது?"

அவள் கிளாஸ்களை எண்ணத் தொடங்கினாள். எண்ண வேண்டிய அவசியம் இல்லாத கிளாஸ்கள்.

"இன்னைக்குக் காலையிலயே ஒயரைத் திரும்ப மாட்டிட்டேன்" என்றார் அவர், கூட்டுவதை நிறுத்தாமல். "உங்கப்பாகிட்டப் போயி, 'கேபிள் வந்துடுச்சு மச்சான், வேணும்னா பழையபடியே பாத்துக்குங்க'ன்னும் சொல்லிட்டேன். கழுத்தை நம்பிக் குடுக்கறவனுக்குக் கத்தியை நேராப் பிடிக்கணும். திருட்டுத்தனமா வந்த கூட்டம் எனக்கு வேண்டாம்."

"அப்பா என்ன சொன்னாரு?"

"நெட்டே இருக்கட்டும், பாதிக் காசுன்னாரு. உங்கப்பாவாச்சே."

அவள் மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்தாள்.

"நில்லு. எதுக்குடி கழட்டின?"

அவள் யோசித்தாள். சொல்வதற்கு நல்லதாக ஏழெட்டுப் பொய்கள் கையில் இருந்தன, எல்லாம் அன்றைக்கென்று பார்த்து ஒட்டவில்லை. "நீங்க தனியா உக்காந்து கை தட்டினீங்க மாமா" என்றாள் கடைசியில்.

சலூன்காரர் துடைப்பத்தைச் சாத்தி வைத்தார். கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார், துடைத்த இடத்தையே.

"சரி சரி, போ. ஸ்பேனர் எங்க?"

"எந்த ஸ்பேனரு?"

"என் நாற்காலி நட்டு முடுக்கற ஸ்பேனரு. முந்தாநாள்லேர்ந்து காணோம். அதையும் எலிதானே தூக்கிட்டுப் போச்சு? போயி எடுத்துட்டு வரச் சொல்லு."