நாலு கதவும் திறக்கவேணும்

கார் கழுவும் வேலையில் கழுவுவது லேசு, துடைப்பதுதான் வேலை. இதை எழுதும்போதும் பழைய பெட்சீற்றைத் துடைக்கிற துணிகளாகக் கிழித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கொஞ்சம் கிழிப்பது, கொஞ்சம் எழுதுவது.

பிரெஞ்சு பேசுகிற இந்தக் குளிர் ஊரில், செயின்ட்-மிஷேல் பக்கம் ரஞ்சன் அண்ணையின் கார் கழுவும் கடையில் நான் துடைக்கிறவள். குளிர்காலம் வந்தால் அவர் கடையைப் பூட்டி எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். கழுவின காரின் கதவு உறைந்து ஒட்டிக்கொண்டால் சனம் சண்டைக்கு வருமே என்ற பயம். இந்த முறை பூட்டவில்லை. ஆனால் ஒன்று சொன்னார்: "கதவு ஒட்டினதெண்டு ஆக்கள் திரும்பி வரத் தொடங்கினால் பூட்டிப்போடுவன்." பூட்டினால் எனக்கு வேலை இல்லை, மகளைப் பகலில் பார்க்கிற கார்டெரிக்குக் காசும் இல்லை. என் மனுசனுக்கு இரவு வேலை, பகலில்தான் படுப்பார். போன குளிர் முழுக்க அவருடைய நித்திரை குழம்பாமல் சின்னப் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு இரண்டு அறைக்குள் இருந்தேன். திரும்பவும் அப்படி இருக்க என்னால் ஏலாது.

கழுவ முன்னம் சாவித் துவாரத்துக்குள் தண்ணீர் போகாமல் ரேப் ஒட்டவேண்டும். கழுவினபிறகு காற்றடித்து, கதவு ரப்பரைச் சுற்றிவரத் துடைத்து, சிலிக்கோன் பூசவேண்டும். கடைசியாகச் சொந்தக்காரரிடம், "வெளியிலை போய் நாலு கதவையும் இரண்டு தரம் திறந்து மூடுங்கோ" என்று சொல்லவேண்டும். கைவேலை எல்லாம் செய்வேன். அந்தக் கடைசி வசனம்தான் வராது. புது ஆட்களைக் கண்டால் வாய் திறக்காத ஆட்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

தலைக்கு வைக்கிற எண்ணெய்

ரொக்ஸ்பரோவிலிருந்து வருகிற அக்கா ஒருவர், "கார் வீட்டு வாசலிலை நிக்கேக்கையும் கதவு ஒட்டுது பிள்ளை, என்ன செய்யலாம்?" என்று கேட்டா. "ரப்பருக்கு எண்ணெய் மாதிரி ஒண்டு..." என்று தொடங்கினேன். அவ என் முகத்தையே பார்த்தா. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அடுத்த கிழமை அவ பின்கதவால் இறங்கி வந்தா. மற்றக் கதவு ஒன்றும் திறக்கவில்லை. கடைக்குள் கொண்டுவந்து சூடு பிடித்ததும் வாசம் கிளம்பியது: தேங்காய் எண்ணெய்! ரப்பர் முழுக்க வெள்ளை மெழுகாய் இறுகிக் கிடந்தது. நான் இருந்து சுரண்ட, ரஞ்சன் அண்ணை, "கதவு ஒட்டித் திரும்பி வந்த ஆள், இது முதலாவது" என்றார். நான் இன்னும் அழுத்திச் சுரண்டினேன். அக்காவுக்கோ கோபமே இல்லை, ஆச்சரியம்தான்: "என்ரை தலைமுடிக்கு இவ்வளவு காலமும் ஒத்துவந்த எண்ணெய், இந்தக் காருக்கு மட்டும் ஒத்துவரேல்லையே!"

வெந்நீர்

டோர்வலில் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற சென்னைத் தம்பி ஒருவருக்கு இது முதல் குளிர்; கார் எங்களிடம் கழுவினதும் இல்லை. வேலை முடிந்து வந்து இழுத்தால் கதவு அசையவில்லை. கேத்தில் நிறைய வெந்நீர் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார். திறந்துவிட்டது. ஏறி இருந்து கதவை இழுத்தால், ஊற்றின தண்ணீர் கொழுக்கியில் உறைந்து, பூட்ட மாட்டேன் என்கிறது. ஒரு கையால் ஸ்டியரிங், மற்றக் கையால் கதவு என்று எங்கள் கடைவரை ஓடி வந்திருக்கிறார். நான் சூட்டுக் காற்று அடிக்க, மரத்துப்போன கையைத் தேய்த்தபடி சொன்னார்: "திறக்கலைன்னு வெந்நி ஊத்துனேன், இப்ப மூட மாட்டேங்குது. இதுக்கு அதுவே தேவலைங்க."

மருந்து இருக்கிற இடம்

பூட்டுக்குள் அடித்தால் ஐஸை உருக்குகிற மருந்து சின்னப் போத்தலில் விற்கிறது. அதைக் கோட்டுப் பொக்கற்றில் வைத்திருக்கவேண்டும் என்று எங்களுக்குப் பாடம் எடுத்தவர் ரஞ்சன் அண்ணை. ஒருநாள் காலை அவருடைய காரே திறக்கவில்லை. "போத்தல் எங்கை அண்ணை?" என்று கேட்டேன். கண்ணாடிக்குள்ளால் விரலை நீட்டிக் காட்டினார். உள்ளே, சீற்றுக்கு மேலே, வடிவாய்ப் படுத்திருந்தது. கடைசியில் டிக்கி மட்டும் திறக்க, அதற்குள்ளால் நான் தவழ்ந்து போய்க் கதவை உள்ளேயிருந்து தள்ளினேன். தள்ளி முடிக்க முன்னமே காதுக்குக் கிட்ட வந்து சொன்னார்: "உதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை, தங்கச்சி."

மந்திரித்த தண்ணீர்

சேவியர் அண்ணை எங்கள் மாதா கோயில் ஆள். கார் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பதற்காகச் சனிக்கிழமை எங்களிடம் கழுவினார். பூசை முடிய ரஞ்சன் அண்ணை, நான், மகள் எல்லோரும் வெளியே வந்தோம். ஃபாதருக்குக் கை தாராளம். சாரதிப் பக்கத்து இரண்டு கதவையும் திறக்கச் சொல்லி, ஸ்டியரிங், சீற், ரப்பர் என்று பார்க்காமல் வாளித் தண்ணீரை வாரித் தெளித்தார். கதவைச் சாத்திவிட்டு, தேத்தண்ணியும் ரோல்சும் சாப்பிடப் போனோம்.

திரும்பி வந்தால் கதவு ஒட்டிப்போய்க் கிடக்கிறது. சேவியர் அண்ணை அத்தனை சனத்துக்கும் முன்னால் ரஞ்சன் அண்ணையைப் பார்த்து, "நேற்று உங்கடை கடையிலை கழுவின கார். இப்பிடித்தானோ துடைக்கிறனியள்?" என்று கேட்டார். ரஞ்சன் அண்ணை என்னைப் பார்த்தார். இரண்டாவது. மகள் என் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த இரண்டு அறையும் கண்ணுக்குள் வந்தன. நான் காரைச் சுற்றி மற்றப் பக்கம் போய் இழுத்தேன். முன்கதவு திறந்தது, பின்கதவும் திறந்தது. அதோடு என் வாயும் திறந்துவிட்டது.

"எங்கடை தண்ணியெண்டால் நாலு கதவும் எல்லோ ஒட்டியிருக்கும், அண்ணை? காலமை நீங்கள் அந்தச் சாரதிக் கதவாலைதானே ஏறி வந்தனீங்கள்? ஒட்டினது ஃபாதர் தெளிச்ச பக்கம் மட்டும்தான்."

ஃபாதரைப் போய்க் குற்றம் சொல்லிவிட்டேனே என்று அப்போதுதான் உறைத்தது. அவர் வாளிக்குள் பார்த்தார், கதவைப் பார்த்தார், பிறகு சிரித்தார்: "பிள்ளை சொல்லுறது சரி. அடுத்தமுறை நான் தெளிக்கத் தெளிக்க நீ துணியோடை பின்னாலை வா."

திங்கட்கிழமை

கடை பூட்டுகிறதில்லை என்று ரஞ்சன் அண்ணை சொல்லிவிட்டார். மகள் கார்டெரிக்குப் போகிறாள். ஆனால், "கோயிலிலை அவ்வளவு சனத்துக்கு முன்னாலை கதைச்சனீதானே? இனி வாற ஆக்களுக்கெல்லாம் நீதான் சொல்லவேணும்" என்று அந்தக் கடைசி வசனத்தை என் தலையிலேயே கட்டிவிட்டார். போஞ்சூர், மெர்சி இரண்டுக்கும் நடுவில் அதைப் பிரெஞ்சிலும் சொல்லப் பழகிக்கொண்டு வருகிறேன். எல்லாம் பார்த்தபிறகு எனக்கு விளங்கினது என்னவென்றால், கார்க் கதவென்றாலும் வாயென்றாலும் உறைய முன்னம் ஒருக்கா இரண்டுதரம் திறந்து மூடிவிட்டால்... இந்தா, அண்ணை கூப்பிடுகிறார், கழுவின நீல வான் ஒன்று வெளிக்கிடுகிறதாம், நான் ஓடிப்போய் அந்த ஆட்களுக்கு நாலு கதவையும்...